பழைய 650 சூப்பர்ஜெட்: அதே எஞ்சினா, 701ஆ, வேறு ஹல்லா?

நெடுங்கம்பம்:

வணக்கம். 1991 யமஹா சூப்பர்ஜெட் என்ற ஜெட் ஸ்கீ (நீரில் ஓடும் வண்டி) ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நின்றபடி ஓட்டும் வகை, சதுர மூக்கு ஹல் (வண்டியின் உடல்), 650 சிசி எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டர். நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த வண்டி. "நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கடைசியில் பாதி வேகத்துக்கு மேல் எழவில்லை, ஏற்றி வைத்துவிட்டேன்" என்பதுதான் முந்தைய உரிமையாளர் தந்த ஒரே தகவல்.

எஞ்சின் கையால் சுற்றுகிறது. த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தேன். முன் சிலிண்டர் 145 பிஎஸ்ஐ, பின் சிலிண்டர் 95. ஹல்லில் ஓட்டை இல்லை. மூக்கில் ஒரு விரிசல், அடியில் மணலில் உரசிய தடங்கள். ஹேண்டில் கம்பத்தின் அடியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறது. நிற்கும் தட்டின் மெத்தை உரிந்துவிட்டது. பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாம் விறைத்துப் போய்விட்டன.

எனக்குத் தெரிவது மூன்று வழிகள். ஒன்று, இதே எஞ்சினை ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாக்கி) புதுப் பிஸ்டன் போடுவது. இரண்டு, உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்றிலிருந்து யமஹாவின் 701 சிசி எஞ்சினை எடுத்து இதில் வைப்பது. மூன்று, இதை உதிரிகளாகக் கழித்துவிட்டு 1996 முதல் வந்த வட்ட மூக்கு ஹல்லைத் தேடுவது. நான் ஓட்டுவது பெரும்பாலும் அமைதியான நீரில். வேகமாக வளைக்க வேண்டும். எப்போதாவது சிறிய அலைகளில் இறங்குவேன். குட்டிக்கரணம் அடிக்கும் ஆசை இல்லை. எந்த வழியில் போகலாம்?

அலைமுகடு:

701. மறுயோசனையே வேண்டாம். 650 என்று பெயர் இருந்தாலும் அதன் உண்மையான அளவு 633 சிசி: துளை 77 மி.மீ., ஸ்ட்ரோக் 68 மி.மீ. 701இல் ஸ்ட்ரோக் அதே 68தான், துளை மட்டும் 81. எஞ்சின் தாங்கிகளின் இடமும் ஒன்றே. சதுர மூக்கு ஹல்லில் 701 போட்டு ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் 650ஐ ஒரு முழு மில்லிமீட்டர் பெரிதாக்கித் துளைத்தாலும் கணக்கு 650 சிசியில்தான் நிற்கும். கூடுதலாகக் கிடைப்பது 17 சிசிகூட இல்லை. அந்த உழைப்பை 701இல் போடுங்கள்.

பழம்பட்டறை:

கொஞ்சம் பொறுங்கள். 95 பிஎஸ்ஐ என்பது நோயின் அறிகுறி. நோய் என்ன என்று இன்னும் யாருமே பார்க்கவில்லை.

இரண்டு சிலிண்டரும் ஒரே கார்புரேட்டரிலிருந்துதான் பெட்ரோலும் எண்ணெயும் வாங்குகின்றன. ஓடிய நேரமும் ஒன்றே. அப்படியிருக்க ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது என்றால் அதற்குத் தனியான காரணம் இருந்தே ஆக வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். காரணம் பெட்ரோல் வழியில் இருந்தால், 701 போட்டாலும் 701க்கும் அதே கதிதான்.

ஹெட்டைக் கழற்றுங்கள், பிறகு சிலிண்டரைத் தூக்குங்கள். பிஸ்டனைத் துடைக்காமல் வெயிலில் வைத்துப் பாருங்கள். கீறல் எக்சாஸ்ட் பக்கத்தில் மட்டும் இருந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவைதான் அதற்குக் காரணம். நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி நெடுங்கோடுகள் இருந்தால், சிலிண்டர் சூடேறுவதற்கு முன்பே பிஸ்டன் விரிந்து பிடித்திருக்கிறது. உள்ளிழுக்கும் பக்கத்திலும் சுற்றிலும் கீறல் இருந்தால் எண்ணெய் போதவில்லை. பிஸ்டன் தலையின் விளிம்பு மணலால் அடித்தது போலக் குழிகுழியாக இருந்தால் டெட்டனேஷன், அதாவது கலவை சீராக எரியாமல் வெடித்திருக்கிறது. இந்த நான்கில் எது என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

நெடுங்கம்பம்:

சிலிண்டரைத் தூக்கிவிட்டேன். முன் பிஸ்டன் சுத்தம். தலையில் பழுப்பு நிறக் கரி சீராகப் படிந்திருக்கிறது, பாவாடைப் பகுதியில் உற்பத்தியின்போது போட்ட நுண்வரிகள்கூட இன்னும் தெரிகின்றன.

பின் பிஸ்டன் வேறு மாதிரி. எக்சாஸ்ட் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு அலுமினியம் உருகி இழுபட்டிருக்கிறது. அந்த இடத்தில் கீழ் ரிங் பள்ளத்துக்குள் அமுங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. மற்ற மூன்று பக்கமும் கிட்டத்தட்ட சுத்தம். சிலிண்டர் சுவரில் அலுமினியத் திட்டு படிந்திருக்கிறது. பின் ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. முன் பிளக் பழுப்பு. தலையின் விளிம்பில் குழிகள் இல்லை.

பழம்பட்டறை:

இதைவிடத் தெளிவாக ஒரு பிஸ்டன் பேச முடியாது. பின் சிலிண்டர் மட்டும் எரிபொருள் குறைந்த கலவையில் ஓடியிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து வருவதால், பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் குறைகிறது. சூடு ஏறும் நேரத்தில் வழவழப்பும் போய்விடுகிறது. இரட்டை அடி.

கார்புரேட்டர் அடைப்பாக இருந்தால் முன் சிலிண்டரும் வெளுத்திருக்க வேண்டும். அது நன்றாக இருப்பதால் பின் கிராங்க்கேஸுக்குள் (சிலிண்டருக்கு அடியில் கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள்) எங்கிருந்தோ காற்று புகுந்திருக்கிறது. என் சந்தேகம் கிராங்கின் பின்முனை சீல் மீது. சந்தேகத்தோடு நிறுத்தாமல் அழுத்தச் சோதனை செய்து பாருங்கள்.

சிலிண்டரையும் ஹெட்டையும் பழைய கேஸ்கெட்டோடு தற்காலிகமாகத் திருப்பிப் போடுங்கள். கார்புரேட்டர் அமரும் இடத்தையும் எக்சாஸ்ட் வாயையும் ரப்பர் ஷீட் வைத்துத் தகட்டால் மூடுங்கள். ஸ்பார்க் பிளக்குகள் இறுக்கமாக இருக்கட்டும். கிராங்க்கேஸிலிருந்து கார்புரேட்டரின் பெட்ரோல் பம்புக்குப் போகும் பல்ஸ் குழாயின் முனையில் அளவியோடு கூடிய கைப்பம்பைப் பொருத்தி 8 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். 10ஐத் தாண்டாதீர்கள், நல்ல சீலும் இடம் பெயர்ந்துவிடும். நல்ல எஞ்சின் அந்த அழுத்தத்தைப் பல நிமிடம் பிடித்து வைத்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு நிச்சயம். சோப்பு நீரை எல்லா இணைப்பிலும் தடவுங்கள், கசியும் இடம் தானே குமிழி விடும்.

புதுத்துடுப்பு:

இடையில் ஒரு கேள்வி. எஞ்சின் ஹல்லுக்குள் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்ய முடியாதா? எனக்கும் பழைய கவாசாகி 550 ஒன்று இருக்கிறது.

பழம்பட்டறை:

முடியும். ஆனால் பின்முனை சீல் இருக்கும் இடத்துக்குச் சோப்பு நீரைக் கொண்டுபோவதும், குமிழியைக் கண்ணால் பார்ப்பதும் கடினம். கசிகிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் உள்ளேயே செய்யலாம். வாங்கப் போகும் வண்டியைச் சோதிக்க அது நல்ல வழி.

நெடுங்கம்பம்:

எஞ்சினை வெளியே எடுத்துச் சோதித்தேன். 8 வரை ஏற்றினால் கண்முன்னே முள் சரிகிறது. பின்முனையில், பம்புக்குப் போகும் தண்டோடு சேர்க்கும் இணைப்பியைக் கழற்றியதும் சீலின் உதட்டைச் சுற்றிச் சோப்பு நுரை பொங்கியது. முன்பக்க ஃப்ளைவீல் சீலில் ஒரு குமிழிகூட இல்லை. கேஸின் நடு இணைப்பும் நன்றாக இருக்கிறது.

இந்த சீலை வெளியிலிருந்தே நெம்பி எடுத்துப் புதிது தட்டிப் போட்டுவிட முடியுமா?

பழம்பட்டறை:

முடியாது. அந்த சீலின் வெளிவட்டம் இரண்டு கேஸ் பாதிகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் பிடிபட்டிருக்கிறது. கேஸைப் பிளந்தால்தான் அது வரும். பிளந்த பிறகு இரு முனை சீல்களையும் மாற்றுங்கள். முன் சீல் இன்று கசியாவிட்டாலும் வயது ஒன்றுதானே. கேஸ் பாதிகளுக்கு நடுவே காகித கேஸ்கெட் கிடையாது, திரவ சீலண்ட்தான். பழையதை உலோகக் கத்தியால் சுரண்டினால் அந்தக் கீறலே அடுத்த கசிவாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் துண்டால் எடுங்கள்.

அலைமுகடு:

இப்போது என் வாதம் இன்னும் வலுவாகிறது. கேஸைப் பிளந்தே ஆக வேண்டும். சீல்கள், ரீபோர், இரண்டு பிஸ்டன்கள், முழு கேஸ்கெட் தொகுப்பு எல்லாம் வாங்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு கையில் இருப்பது 633 சிசி. இதே வேலையை 701க்குச் செய்தால் ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியேறும்போதும் வித்தியாசம் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டில் 701 எஞ்சின் 2020 வரை வந்துகொண்டிருந்தது. உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஹெட், எக்சாஸ்ட், ரீட் வால்வு என்று மேம்படுத்த விரும்பினாலும் 701க்குத்தான் அதிகம் கிடைக்கும்.

பழம்பட்டறை:

நீங்கள் சொன்னதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 701 எங்கிருந்து வரப் போகிறது? கொட்டகையில் கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து. அதன் சீல்களும் முப்பது ஆண்டுப் பழையவையாக இருக்கும். அதன் கிராங்க் உப்பு நீர் குடித்ததா இல்லையா என்று பிளந்து பார்த்தால்தான் தெரியும். ஆக, ஒரு சீரமைப்புக்குப் பதில் இன்னொரு சீரமைப்பு. நடுவில் பொருத்தும் வேலைகள் கூடுதல்.

அந்தப் பொருத்தும் வேலைகளையும் சொல்லிவிடுகிறேன், நெடுங்கம்பம் அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கட்டும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளின் 701இல் எண்ணெய்ப் பம்ப் இருக்கும். சூப்பர்ஜெட்டில் கலந்த பெட்ரோல்தான். பம்பை எடுத்துவிட்டு அந்த வாயை மூடு தகட்டால் அடைக்க வேண்டும், கார்புரேட்டருக்குப் போகும் எண்ணெய் முனைகளையும் மூட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அங்கே காற்று புகும். பெரிய வண்டியின் எக்சாஸ்ட் அறை இந்தக் குறுகிய ஹல்லுக்குள் அடங்கும் என்று நம்பி வாங்காதீர்கள். மேனிஃபோல்டின் போல்ட் துளைகளை நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். தீப்பொறிக்கான ஸ்டேட்டர், ஃப்ளைவீல், சிடிஐ (இக்னிஷன் மின்பெட்டி) மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒரே தொகுப்பாக எடுங்கள். கலந்து போட்டால் இக்னிஷன் நேரம் எங்கே நிற்கிறது என்று தேடுவதிலேயே காலம் போய்விடும்.

ஈரநுரை:

எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஹல்லின் எடையைப் பார்த்தீர்களா?

இந்த ஹல்களுக்குள் மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். முப்பது ஆண்டில் கம்பத் தாங்கியின் போல்ட் துளை, இடைச்சுவரில் கேபிள் போகும் ஓட்டை, மூக்கு விரிசல் என்று ஏதாவது ஒரு வழியில் தண்ணீர் உள்ளே போய் நுரையில் தங்கிவிடுகிறது. சூப்பர்ஜெட்டின் உலர் எடை அன்று 130 கிலோவுக்கு அருகில். இரண்டு எடைக் கருவிகளை முன்னும் பின்னும் வைத்து நிறுத்துப் பாருங்கள், எஞ்சினைத் தனியாக நிறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். 20 கிலோ கூடுதலாக வந்தால், 20 லிட்டர் தண்ணீரை நீங்கள் போகும் இடமெல்லாம் சுமக்கிறீர்கள் என்று பொருள். 701 தரும் கூடுதல் வலுவில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வண்டி எழுந்து நீர்ப்பரப்பின் மேல் வழுக்கத் தொடங்குவதும், மூக்கைத் தூக்கி வளைப்பதும் எடை குறையக் குறைய இலகுவாகும்.

நெடுங்கம்பம்:

நிறுத்தேன். எல்லாம் கூட்டினால் 150ஐத் தாண்டுகிறது. தாழ்வான இடத்தில் சின்னத் துளை போட்டேன்; பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, இரவு முழுவதும் வைத்த தட்டு காலையில் நிரம்பியிருந்தது. துளையில் விரலை விட்டுக் கிள்ளினால் நுரை ஈரப் பஞ்சாகக் கையோடு வருகிறது.

இதை உலர்த்த முடியுமா? சூடான விளக்கு, மின்விசிறி, ஏதாவது?

ஈரநுரை:

உலர்த்த முடியாது. மூடிய அறைகள் கொண்ட நுரை தண்ணீரை மெதுவாக வாங்கும், அதைவிட மெதுவாகத்தான் விடும். வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு வெற்றிடமாக விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நடு நீரில் ஹூட் கழன்று தண்ணீர் நிரம்பினால் வண்டியை மேலே வைத்திருப்பது அந்த நுரை மட்டும்தான். இரு பாகம் கலந்து ஊற்றும் மூடிய அறை நுரை வாங்குங்கள். ஒரே வீச்சில் ஊற்றாதீர்கள். அது விரியும்போது உண்டாகும் வெப்பமும் அழுத்தமும் ஹல்லையே வீங்க வைத்துவிடும். கொஞ்சம் ஊற்றி, எழுந்து ஆறிய பிறகு அடுத்தது.

மூக்கு விரிசலுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூப்பர்ஜெட் ஹல் சாதாரண பாலியஸ்டர் ஃபைபர் இல்லை. அச்சில் அழுத்தி வார்த்த எஸ்எம்சி என்ற இழைக் கலவை. அதன் மீது பாலியஸ்டர் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. பார்க்க நன்றாக இருக்கும், முதல் அலையில் தகடாக உரிந்து வரும். எபாக்ஸி பயன்படுத்துங்கள். பெயிண்ட் முழுவதும் போகும்வரை 40 கிரிட் உப்புத்தாளால் தேய்த்து, விரிசலின் இரு பக்கமும் அகலமான சரிவாக இறக்குங்கள். கண்ணாடித் துணி நெய்ததாகவோ தைத்ததாகவோ இருக்கட்டும். நறுக்கிய இழைப் பாய் வேண்டாம். அதைப் பிணைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாமல் விறைப்பாகவே நிற்கும்.

புதுத்துடுப்பு:

இவ்வளவு வேலைக்குப் பதில் புது நான்கு ஸ்ட்ரோக் வண்டியே வாங்கிவிடலாமே? சீல், கலவை, கரி எதுவும் இல்லை.

ஈரநுரை:

வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும், அருமையான வண்டிகள். ஆனால் அது வேறு வகை ஓட்டம். 2017இல் வந்த கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் 1498 சிசி, எடை சுமார் 250 கிலோ. 2021 சூப்பர்ஜெட் மூன்று சிலிண்டர், 1049 சிசி, சுமார் 170 கிலோ. நெடுங்கம்பம் வைத்திருப்பது ஒருவர் தனியாகப் பின்முனையைப் பிடித்து இழுத்துத் திருப்பக்கூடிய வண்டி. உடம்பின் சாய்வுக்கு உடனே பதில் சொல்லும் அந்தக் குணத்துக்காகத்தான் இன்றும் பழைய டூ ஸ்ட்ரோக் ஹல்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

வளைகழி:

தாமதமாக வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். எஞ்சினுக்கும் நீருக்கும் நடுவில் இருந்து, நீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே.

"பாதி வேகத்துக்கு மேல் எழவில்லை" என்ற அந்தப் பழைய வாக்கியம் பம்புக்கும் பொருந்தும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. அதுதான் பம்ப் காற்று குடிக்கும் அறிகுறி. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இதழ் நுனிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டு ஒவ்வோர் இதழிலும் அளந்து பாருங்கள். 0.6 மி.மீ. தாண்டினால் வளையத்தை மாற்ற வேண்டியதுதான். கல் குடித்த பள்ளம் இருந்தால் அளக்கவே வேண்டாம். அடுத்து, பம்ப் ஹல்லோடு சேரும் இடத்தின் சீலும், உள்ளிழுக்கும் வாயைச் சுற்றிய சந்துகளும். அங்கே முடி அளவு இடைவெளி இருந்தாலும் பம்ப் நீரோடு காற்றையும் இழுத்து, நுரையைத்தான் பின்னால் தள்ளும். பழைய சீலண்டை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். இந்த வேலைக்குப் பெரிய பாகம் எதுவும் தேவையில்லை. ஆனால் இதனால் வரும் மாற்றத்தை முதல் விசையிலேயே காலில் உணர்வீர்கள்.

பிறகுதான் மேம்பாடு. துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லர், அலையில் துள்ளும்போதும் பம்புக்கு நீரை அள்ளித் தரும் இன்டேக் கிரேட், ஹல்லின் பின்னடியில் பொருத்தும் நீளமான ரைடு பிளேட். வளைவில் பிடிப்பு வேண்டும் என்கிறீர்கள். உங்களுக்கு இந்த மூன்றும் எந்த எஞ்சினையும்விட அதிகம் தரும். நாளைக்கே 701க்கு மாறினாலும் கிரேட்டும் பிளேட்டும் அப்படியே இருக்கும். எஃகு இம்பெல்லரின் பிட்சை (இதழ்களின் சாய்வை) வளைத்து மாற்றிக்கொள்ளலாம்: எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்றால் பிட்சைக் கூட்டுவது, சுழல முடியாமல் திணறினால் குறைப்பது.

அலைமுகடு:

வளைகழி சொன்னதற்கு முழு ஆதரவு. ஆனால் 701க்கு மாறத்தான் போகிறார் என்றால் இப்போதே மாறுவதுதானே முறை? 650க்கு வாங்கும் பிஸ்டன்கள் பிறகு யாருக்கு?

நெடுங்கம்பம்:

நியாயமான கேள்வி. எல்லோரும் சொன்னதை வைத்து முடிவெடுத்துவிட்டேன், காரணத்தோடு எழுதுகிறேன்.

கேஸைப் பிளந்து பார்த்தாகிவிட்டது. கிராங்க் நல்ல நிலையில் இருக்கிறது. இரு முனைகளையும் வி வடிவத் தாங்கியில் வைத்து டயல் கேஜால் பார்த்தால் கோணல் 0.05 மி.மீ.க்குள் அடங்குகிறது. கனெக்டிங் ராடுகளில் மேல் கீழ் ஆட்டம் இல்லை, பேரிங்குகளில் துரு இல்லை. பின் சிலிண்டரின் கீறல் 0.5 மி.மீ. பெரிதாக்கினால் முழுதாக மறைந்துவிடும் என்று துளை வேலை செய்பவர் அளந்து சொன்னார். கையில் இருக்கும் இந்த கிராங்கை எனக்குத் தெரியும். சந்தையில் இருக்கும் 701இன் கிராங்கை எனக்குத் தெரியாது. அதனால் 650ஐயே சீரமைக்கிறேன். இரண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்குத் துளைக்கிறேன்.

மிச்சமாகும் உழைப்பை ஹல்லிலும் பம்பிலும் போடுகிறேன். நுரை முழுவதையும் மாற்றி, மூக்கு விரிசலை எபாக்ஸியில் அடைத்து, கம்பத்தின் புஷ்களை மாற்றி, பம்ப் வளையம், எஃகு இம்பெல்லர், கிரேட், ரைடு பிளேட். 701 நல்ல நிலையில் எப்போதாவது கிடைத்தால் அதைப் பெஞ்சில் வைத்துப் பொறுமையாகத் தயார் செய்வேன்; அதுவரை வண்டி நீரில் இருக்கும். அலைமுகடு அவர்களே, பிஸ்டன்கள் அதுவரை எனக்கு வேலை செய்யும். அது வீணில்லை.

அலைமுகடு:

கிராங்க் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால் நானும் அதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். என் கருத்து மாறவில்லை, 701 ஓட்டிப் பார்த்த பிறகு நீங்களே தேடுவீர்கள். ஆனால் இந்த வரிசை சரியானது.

பழம்பட்டறை:

துளை வேலை செய்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிஸ்டன்களைக் கையில் கொடுத்துவிட்டுத் துளைக்கச் சொல்லுங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி வைத்துத்தான் துளைக்க வேண்டும். துளைத்த பிறகு போர்ட் விளிம்புகள் எல்லாவற்றையும் மழுக்க வேண்டும். கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதை மறந்துவிடுவார்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, முனைகளின் இடைவெளியையும் நீங்களே அளந்து பாருங்கள்.

எஞ்சினைக் கூட்டி முடித்ததும், ஹல்லுக்குள் இறக்குவதற்கு முன், அதே அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இது தவிர்க்கவே கூடாத படி. 8 பிஎஸ்ஐ நின்றால் மட்டும் உள்ளே இறக்குங்கள்.

கார்புரேட்டரை முழுதாகப் பிரித்து டயாஃப்ரம், நீடில், சீட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ்கள் ஒன்றுகூடப் பழையதாக இருக்கக் கூடாது, பல்ஸ் குழாய் உட்பட. டேங்கின் பிக்கப்பையும் எரிபொருள் வால்வையும் கழற்றிப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தால் அங்கே பச்சைப் பசை இருக்கும். ரீட் இதழ்களை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். மூலை உடைந்திருந்தாலோ ஒளி புகுந்தாலோ புதிது. நெருப்புத் தடுப்பான் இல்லாமல் ஓட்டாதீர்கள். மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவியும் பின்னடித் தீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஹூட்டைத் திறந்து காற்றோட விட்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வளைகழி:

எஞ்சினை இறக்கும்போது இணைப்பிகளின் நேர்கோட்டைப் பாருங்கள். ஒரு நேர்ச்சட்டத்தை இரு இணைப்பிகளின் மேலும் பக்கத்திலும் வைத்தால் சந்து தெரியக் கூடாது. தாங்கிகளின் அடியில் இருந்த ஷிம் தகடுகளை எந்த இடத்தில் எது என்று குறித்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோணலாக அமர்ந்தால் நடுத்தண்டின் பேரிங்கும் சீலும் முதலில் போகும். அதன் பின்னால், நீங்கள் இவ்வளவு பாடுபட்டு மாற்றிய அதே பின்முனை சீலும் போகும்.

நெடுங்கம்பம்:

குறித்திருக்கிறேன், தகடுகள் தனித்தனி உறையில் இருக்கின்றன. நடுத்தண்டு பேரிங்கைக் கையால் சுற்றினால் மணல் அரைக்கும் ஓசை வருகிறது, அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று: முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது? எண்ணெய் எவ்வளவு?

பழம்பட்டறை:

முதல் டேங்குக்கு 40க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி. அதன் பிறகு 50க்கு 1, 20 மில்லி. ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள்: எண்ணெய் கூடும்போது அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே முதல் டேங்கில் கார்புரேட்டரின் கலவைத் திருகுகளைச் சற்றே தாராளமாகத் திறந்து வையுங்கள்.

கரையில் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டும்போது வரிசை முக்கியம். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடிவிட்டு, ஓரிரு விசை கொடுத்து எக்சாஸ்டில் நின்ற நீரைத் தள்ளிய பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். மாற்றிச் செய்தால் எக்சாஸ்ட் வழியே நீர் சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீர் இல்லாமல் சில விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி சூடேற்றுங்கள். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க்கில் ஒருமுறை சரிபாருங்கள்.

நீரில் இறக்கியதும் முதலில் கைக்கயிற்றை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் வண்டியை நிறுத்துவது அது ஒன்றுதான். முதல் டேங்க் முழுவதும் விசையை மாற்றி மாற்றிக் கொடுங்கள், முழு விசையை நீட்டிப் பிடிக்காதீர்கள். அது முடிந்ததும் ஒரு நீண்ட ஓட்டம் முழு விசையில் போய், விசையில் இருக்கும்போதே கயிற்றை இழுத்து நிறுத்தி, அங்கேயே இரண்டு பிளக்குகளையும் கழற்றுங்கள். இரண்டும் ஒரே பழுப்பில் இருந்தால் திருகுகளைத் தொட வேண்டாம். பின் பிளக் மட்டும் வெளுத்திருந்தால் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, எஞ்சினை ஓட்டாமல், மறுபடி அழுத்தம் ஏற்றிப் பாருங்கள்.